1960களின் அமெரிக்க விளையாட்டுச் சாதனைகள்: அந்த எண்களை எவ்வளவு நம்பலாம்?

1960 முதல் 1969 வரையிலான பத்தாண்டில் அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டுகளிலும் கல்லூரி விளையாட்டுகளிலும் நினைவில் வைக்கத்தக்க சாதனைகள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லெய்ன் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்த கதையைச் சொன்னபோது, "வீடியோ எங்கே அப்பா?" என்று உங்கள் மகன் கேட்டுவிட்டதாகவும் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியின் உயிர் இந்த இரண்டாவது பகுதியில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. அறுபது ஆண்டுக்கு முந்தைய எண்களை இன்று எவ்வளவு நம்பலாம், நம்பினாலும் அவற்றுக்கு என்ன பொருள் கொள்ளலாம் என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள். நான் மாவட்ட, கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகளில் பதினெட்டு ஆண்டுகள் ஸ்கோரர் மேசையில் உட்கார்ந்தவன். ஸ்கோர் ஷீட்டில் எதற்குக் கட்டம் போட்டிருக்கிறார்களோ அது மட்டுமே மறுநாள் சாதனையாகப் பேசப்படும் என்பதை அந்த மேசையில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். கூடைப்பந்தைப் பற்றி எழுதுவது கைப்பழக்கத்திலிருந்து வருவது. பேஸ்பாலும் அமெரிக்கக் கால்பந்தும் எனக்குப் பல ஆண்டு வாசிப்பில் வாய்த்தவை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலில் உங்கள் மகனின் ஐயம். 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷி என்ற சிற்றூரில், சேம்பர்லெய்ன் ஆடிய பிலடெல்பியா வாரியர்ஸ் அணி நியூயார்க் நிக்ஸ் அணியை 169–147 என்று வென்றது. அரங்கில் இருந்தவர்கள் 4,124 பேர். தொலைக்காட்சி ஒளிபரப்பு இல்லை, படப்பதிவும் இல்லை. நான்காம் கால்பகுதியின் வானொலி வர்ணனை மட்டும் ஒலிப்பதிவாக எஞ்சியிருக்கிறது. சேம்பர்லெய்ன் இடைவேளைக்குள் 41 புள்ளிகள், மூன்றாம் கால்பகுதி முடிவில் 69, கடைசிக் கால்பகுதியில் மட்டும் 31 எடுத்தார். 63 முறை எறிந்து 36 கூடைகள், எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதலான ஃப்ரீ த்ரோவில் 32க்கு 28. அன்று மேசையில் கணக்கு வைத்தவர் ஹார்வி போலக். அவர் வாரியர்ஸ் அணியின் விளம்பர அலுவலர். அதே இரவில் ஒரு நாளிதழுக்கும் செய்தி நிறுவனங்களுக்கும் ஆட்டச் செய்தியை அனுப்பியவரும் அவரே. சேம்பர்லெய்ன் 100 என்று எழுதிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் புகழ்பெற்ற படத்துக்கு அந்த எண்ணை எழுதிக் கொடுத்ததும் போலக்தான். ஒரே ஆள் எல்லா வேலையும் பார்த்தார் என்பதை இன்று சிலர் ஐயத்துக்குக் காரணமாகக் காட்டுகிறார்கள். அந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் எனக்கு அதில் ஐயம் எழவில்லை. சிறிய ஊர்களில் நடக்கும் ஆட்டங்களில் இப்படி ஒருவரே நான்கு வேலை பார்ப்பது வழக்கம். மேலும் எதிரணி வீரர்கள், நடுவர்கள், நான்காயிரம் பார்வையாளர்கள், வானொலி வர்ணனையாளர் என அத்தனை பேரும் உடன்பட்ட கணக்கு அது.

ஃப்ரீ த்ரோவில் தடுமாறும் ஒருவர் எப்படி 32ல் 28 போட முடியும் என்பது அடுத்த கேள்வியாக வரும். வாழ்நாள் முழுவதற்குமான கணக்கில் அவர் பாதியைச் சற்றே தாண்டியவர்தான். ஆனால் அந்தப் பருவத்தில் அவர் பந்தை இடுப்புக்குக் கீழிருந்து இரு கைகளால் தூக்கி எறியும் பழைய முறையைக் கையாண்டார், அதில் தேறியும் வந்தார். ஆகவே நூறு புள்ளிகள் உறுதி. ஆட்டத்தின் கடைசிக் கட்டம் மட்டும் ஒழுங்கான கூடைப்பந்தாக இருக்கவில்லை. சேம்பர்லெய்னிடம் பந்து போகக்கூடாதென்று நிக்ஸ் வீரர்கள் மற்றவர்களை வேண்டுமென்றே ஃபவுல் செய்தார்கள். பந்து விரைவில் திரும்ப வேண்டுமென்று வாரியர்ஸ் வீரர்களும் ஃபவுல் செய்தார்கள். நூறாவது புள்ளி விழுந்தபோது 46 விநாடிகள் மிச்சமிருந்தன, கூட்டம் களத்துக்குள் ஓடிவந்தது. அந்த மிச்ச நேரம் ஆடப்பட்டதா இல்லையா என்பதில் அங்கே இருந்தவர்களே இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஓர் இரவைவிட அந்த முழுப் பருவமே எனக்குப் பெரிய வியப்பு. 1961–62ல் சேம்பர்லெய்னின் சராசரி ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள். ஓர் ஆட்டம் 48 நிமிடம். அவர் களத்தில் நின்ற சராசரி 48.5 நிமிடம், ஏனென்றால் கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டங்களிலும் அவர் வெளியே உட்காரவில்லை. அதே பருவத்தில் சின்சினாட்டியின் ஆஸ்கார் ராபர்ட்சன் ஆட்டத்துக்குச் சராசரியாக 30.8 புள்ளிகள், 12.5 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 11.4 அசிஸ்டுகள் (சக வீரரின் கூடைக்கு வழிசெய்யும் பாஸ்) எடுத்தார். மூன்றிலும் இரட்டை இலக்கம் எடுப்பதைக் குறிக்கும் டிரிபிள் டபுள் என்ற சொல்லே 1980 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. எனவே அவர் செய்தது இன்னதென்று பெயர் சொல்ல அன்று யாரிடமும் சொல் இல்லை. 2016–17ல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் அதை மீண்டும் செய்தபோதுதான் பலர் பழைய ஏட்டைப் புரட்டிப் பார்த்தார்கள்.

இந்த எண்களை இன்றைய எண்களோடு நேரே ஒப்பிடக்கூடாது. அந்தப் பருவத்தில் என்பிஏ என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீகில் இருந்தவை ஒன்பது அணிகள். ஆட்டம் மிக வேகமானது. எறிந்த பந்துகளில் பத்துக்கு நான்கு அளவுக்கே கூடைக்குள் விழுந்தன. தவறும் பந்துகள் அதிகமானால் ரீபவுண்டுகளும் அதிகமாகும். ஆகவே அன்றைய 25 ரீபவுண்டுகளை இன்றைய 25 ஆக எண்ண முடியாது. இதைச் சொல்வதால் சேம்பர்லெய்ன் சிறுத்துவிட மாட்டார். அதே வேகத்தில், அதே ஒன்பது அணி லீகில் மற்ற எல்லாரும்தான் ஆடினார்கள், ஒருவர்கூட அவர் பக்கத்தில் நெருங்கவில்லை. அவரைச் சமாளிக்கவே 1964ல் கூடைக்குக் கீழுள்ள பகுதியை 12 அடியிலிருந்து 16 அடியாக அகலப்படுத்தினார்கள். ஒருவருக்காக ஆட்டம் தன் கோடுகளை மாற்றி வரைந்துகொண்டது என்றால் அதை எந்தப் புள்ளிவிவரத்தையும்விடப் பெரிய சான்றாக நான் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பத்தாண்டில் வீரர்களின் ஆதிக்கத்தை ஒட்டி விதி மாறியதாகப் பேசப்படுவது மூன்று முறை. மற்ற இரண்டும் கீழே வரும்.

சேம்பர்லெய்னைப் பற்றிப் பேசிவிட்டு பில் ரஸ்ஸலைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் 13 பருவங்கள் ஆடி 11 கோப்பைகளை வென்றவர் அவர்; 1959 முதல் 1966 வரை எட்டுக் கோப்பைகள் இடைவிடாமல் வந்தவை. அவருடைய புள்ளிச் சராசரி வெறும் 15.1. எதிரணி எறியும் பந்தைத் தட்டித் தடுப்பதும், தட்டிய பந்தை வெளியே போகவிடாமல் தன் அணியினரின் கைக்கே சேர்ப்பதும் அவருடைய கலை. பிளாக் எனப்படும் இந்தத் தடுப்புகளை என்பிஏ எண்ணத் தொடங்கியதோ 1973–74 பருவத்தில். ரஸ்ஸல் 1969லேயே விலகிவிட்டார். அவருடைய தலையாய திறமைக்கு ஸ்கோர் ஷீட்டில் கட்டமே இல்லை. ஒரு ஆட்டத்தில் இத்தனை பிளாக் செய்தார் என்று இணையத்தில் உலவும் எண்கள் எல்லாம் பார்த்தவர்கள் சொன்னவையும் பின்னாளில் எஞ்சிய படச்சுருள்களைப் பார்த்து எண்ணியவையும்தான். அவற்றை அதிகாரபூர்வக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோப்பைகளை மட்டும் யாரும் மறுக்க முடியாது. 1966ல் அவர் அணியின் பயிற்சியாளராகவும் பொறுப்பேற்றார். என்பிஏவின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவரே. ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்து 1968லும் 1969லும் கோப்பையை வென்றார். 1969ல் செல்டிக்ஸ் தன் பிரிவில் நான்காவதாக வந்த, வயதான அணி. இறுதியில் எதிர்கொண்ட லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸில் ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பேய்லர் இருவரோடு சேம்பர்லெய்னும் சேர்ந்திருந்தார். ஏழாம் ஆட்டத்தில், லேக்கர்ஸின் சொந்த அரங்கிலேயே, செல்டிக்ஸ் 108–106 என்று வென்றது. தோற்ற அணியின் வெஸ்ட்டுக்கு அந்த இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது கிடைத்தது என்பதிலிருந்து அவர் எப்படி ஆடியிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம். இந்தப் பத்தாண்டின் மிகப் பெரிய தொழில்முறைச் சாதனை எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் ரஸ்ஸலின் கோப்பைகளைச் சொல்வேன். அணிகள் குறைவாக இருந்த காலம் என்ற எதிர்வாதம் நியாயமானதே. ஆனால் அணிகள் குறைவென்றால் ஒவ்வோர் அணியிலும் திறமை செறிந்திருக்கும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பேஸ்பாலில் இரண்டு பருவங்களைச் சொன்னால் போதும். முதலாவது 1961. நியூயார்க் யாங்கீஸின் ரோஜர் மாரிஸ் அந்த ஆண்டு 61 ஹோம் ரன்கள் (பெரும்பாலும் பந்தைக் களத்துக்கு வெளியே அடித்து எடுக்கும் ஓட்டம்) அடித்து, 1927ல் பேப் ரூத் அடித்த 60ஐத் தாண்டினார். அமெரிக்கன் லீகில் அந்த ஆண்டுதான் அணிகள் பத்தாகி, பருவம் 154 ஆட்டங்களிலிருந்து 162 ஆக நீண்டிருந்தது. பேஸ்பால் ஆணையர் ஃபோர்டு ஃபிரிக், 154 ஆட்டங்களுக்குள் தாண்டினால்தான் ரூத்தின் சாதனை முறிந்ததாகும் என்று பருவத்தின் நடுவிலேயே அறிவித்தார். அவர் பத்திரிகையாளராக இருந்த காலத்தில் ரூத்தின் நெருங்கிய நண்பர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 154 ஆட்டங்கள் முடிந்தபோது மாரிஸ் 59ல் நின்றார். 61வது, பருவத்தின் கடைசி நாளான அக்டோபர் 1 அன்று வந்தது; யாங்கி ஸ்டேடியத்தில் அதைப் பார்த்தவர்கள் 23,154 பேர்தான். மாரிஸ் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டார்கள் என்பது பரவலான நம்பிக்கை, ஆனால் அப்படி ஒரு குறி அதிகாரபூர்வ ஏட்டில் போடப்படவே இல்லை. இரண்டு சாதனைகளையும் தனித்தனியாக அச்சிட்டார்கள், அவ்வளவே. அந்தப் பிரிவினையும் 1991ல் நீக்கப்பட்டது. மட்டை பிடிக்க வந்த தடவைகளைக் கணக்கிட்டால் ரூத் 691, மாரிஸ் 698. அந்த ஏழு தடவைக்காகத்தான் அம்மனிதர் அத்தனை ஆண்டுகள் குறை சுமந்தார் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. அந்தக் கோடையில் அழுத்தம் தாங்காமல் அவருக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது.

இரண்டாவது 1968. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பந்தெறி வீரர் பாப் கிப்சனின் சராசரி அந்த ஆண்டு 1.12. அதாவது தடுப்பாளர்களின் பிழையால் வந்த ஓட்டங்களைக் கழித்தால், ஒன்பது இன்னிங்ஸுக்கு எதிரணி எடுத்தது ஓர் ஓட்டத்தைச் சற்றே தாண்டும். 13 ஆட்டங்களில் எதிரணி ஓர் ஓட்டம்கூட எடுக்கவில்லை. அக்டோபர் 2 அன்று உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் டெட்ராய்ட் வீரர்களை 17 முறை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) செய்தார். இங்கும் சூழலைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1963லிருந்து ஸ்ட்ரைக் பகுதி, அதாவது மட்டையாளர் முன் பந்து சரியாக வந்ததாகக் கொள்ளப்படும் எல்லை, பெரிதாக்கப்பட்டிருந்ததால் பந்தெறிபவர்களின் கை ஓங்கியிருந்தது. 1968ல் டெட்ராய்டின் டென்னி மெக்லெய்ன் 31 வெற்றிகள் பெற்றார். அமெரிக்கன் லீகில் வெறும் .301 சராசரியோடு கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி மட்டையாளர்களில் முதலிடம் பெற்றார். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த ஓட்டம் சராசரியாக 3.42தான். அடுத்த ஆண்டே பந்தெறியும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகத் தாழ்த்தி, ஸ்ட்ரைக் பகுதியையும் சுருக்கினார்கள், சராசரி 4.07 ஆக ஏறியது. விதி மாறிய இரண்டாவது தருணம் இது. கிப்சன் ஒருவருக்காகவே மாற்றினார்கள் என்று எழுதுவது மிகை. அந்த ஆண்டின் பந்தெறிபவர்கள் அனைவருக்குமாக மாற்றியது. மேடு தாழ்ந்த பிறகும் 1969ல் கிப்சனின் சராசரி 2.18 ஆக இருந்தது, உயரம் மட்டுமே அவருடைய பலம் இல்லை என்பதற்கு அது போதும். சாண்டி கோஃபாக்ஸும் இதே காலத்தவர்தான். 1962 முதல் 1966 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து தன் லீகின் மிகக் குறைந்த ஓட்டச் சராசரி அவருடையது. முழங்கை மூட்டு நோயால் 30 வயதிலேயே விலகினார், அதுவும் 27 வெற்றிகள் பெற்ற பருவத்தின் முடிவில்.

அமெரிக்கக் கால்பந்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளீவ்லாந்தின் ஜிம் பிரவுன் ஒன்பது பருவங்கள் ஆடி எட்டில் ஓட்ட தூரத்தில் முதலிடம் பெற்றார். 14 ஆட்டங்களே கொண்ட 1963 பருவத்தில் 1,863 கெஜம் ஓடினார். பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் கிரீன் பே பேக்கர்ஸ் ஏழு ஆண்டுகளில் ஐந்து முறை வாகை சூடியது. 1969 ஜனவரி 12 அன்று மூன்றாவது சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில், 18 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று கணிக்கப்பட்ட நியூயார்க் ஜெட்ஸ், பால்டிமோர் கோல்ட்ஸை 16–7 என்று வென்றது. வெல்வோம் என்று ஜெட்ஸின் ஜோ நேமத் முன்கூட்டியே உறுதி கூறியிருந்தார். தற்காப்பு வீரர்களின் நிலை இங்கும் ரஸ்ஸலின் நிலைதான். எதிரணியில் பந்தை எறியும் வீரரான குவார்ட்டர்பேக்கை வீழ்த்தும் செயலுக்கு சாக் என்று பெயர் வழங்கக் காரணமானவர் தற்காப்பு வீரர் டீக்கன் ஜோன்ஸ். அது அதிகாரபூர்வமாக எண்ணப்படத் தொடங்கியது 1982ல், அவர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து.

கல்லூரிக் கூடைப்பந்தில் அந்தப் பத்தாண்டு பயிற்சியாளர் ஜான் வுடனின் யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழக) அணிக்கு உரியது. 1964, 1965, 1967, 1968, 1969 என ஐந்து தேசியக் கோப்பைகள். லூ அல்சிண்டர், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்தவர், மூன்று பருவங்களில் 88 வெற்றி, 2 தோல்வி என்ற கணக்கோடு விடைபெற்றார். அன்று முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆட முடியாது. 1965 நவம்பரில் அல்சிண்டர் ஆடிய முதலாண்டு மாணவர் அணி, நடப்பு வாகையரான தன் கல்லூரியின் முதன்மை அணியையே 75–60 என்று தோற்கடித்தது. 1967ல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, பந்தை வளையத்துக்கு மேலிருந்து உள்ளே திணிக்கும் டங்க் அடிப்பதைத் தடை செய்தது. அந்தத் தடை 1976 வரை நீடித்தது. விதி மாறிய மூன்றாவது தருணம் இதுவே. காயங்களும் வளையச் சேதமும் காரணமாகச் சொல்லப்பட்டன. அல்சிண்டரைக் கட்டுப்படுத்தவே வந்த விதி என்று பெரும்பாலோர் நம்பினார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் அது ஊகமே. எதுவானாலும் அடுத்த இரண்டு கோப்பைகளையும் அவர் டங்க் இல்லாமலே வென்றார். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட் மரவிச் 1967 முதல் 1970 வரை 83 ஆட்டங்களில் 3,667 புள்ளிகள் குவித்தார், சராசரி 44.2. தூரத்திலிருந்து போடும் கூடைக்கு மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலம் அது. 2024ல் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் இந்தக் கூட்டுத்தொகையைத் தாண்டினார், அவருக்கு நான்கு பருவங்களும் 139 ஆட்டங்களும் மூன்று புள்ளிக் கோடும் இருந்தன. இருவரில் யார் பெரியவர் என்று இதை வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை. 1960களில் என்சிஏஏ பெண்களுக்குப் போட்டியே நடத்தவில்லை என்பதை மட்டும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். டென்னசி மாநிலப் பல்கலைக்கழக மாணவி வில்மா ருடால்ஃப் 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். அவர் ஓடிய காலத்து என்சிஏஏ வாகையர் பட்டியலில் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை.

இனி நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது. 1966 மார்ச் 19 அன்று, ஐந்து கறுப்பின வீரர்களோடு ஆட்டத்தைத் தொடங்கிய டெக்சாஸ் வெஸ்டர்ன் அணி, வெள்ளையர் மட்டுமே கொண்ட கென்டக்கியை 72–65 என்று வென்று தேசியக் கோப்பையைப் பெற்றதைப் பலரும் அறிவார்கள். அந்த ஓர் ஆட்டம்தான் தென்மாநிலக் கல்லூரிகளின் கதவைத் திறந்தது என்று எழுதுவார்கள். அது பாதி உண்மை. கதவு அதற்கு முன்பே அசையத் தொடங்கியிருந்தது. மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக அணி 1959, 1961, 1962 ஆண்டுகளில் தன் தென்கிழக்குப் பிரிவில் முதலிடம் பெற்றும் தேசியப் போட்டிக்குப் போகவில்லை. காரணம், கறுப்பினத்தவர் இருக்கும் அணிகளோடு ஆடக்கூடாது என்ற எழுதாத தடை. 1963லும் அவர்கள் முதலிடம் பெற்றார்கள். அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் சேர்ந்ததற்காகக் கலவரம் வெடித்து, இருவர் உயிரிழந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இம்முறை பல்கலைக்கழகத் தலைவர் டீன் கோல்வர்ட் அணியை அனுப்ப முடிவெடுத்தார். உடனே எதிர்ப்பாளர்கள் நீதிமன்றத் தடையாணை வாங்கினார்கள். ஆணை கைக்கு வருமுன் பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தி மாநில எல்லையைத் தாண்டிவிட்டார். மறுநாள் காலையில் மாற்று வீரர்களை முதலில் விமான நிலையத்துக்கு அனுப்பிப் பார்த்து, தடுக்க யாரும் இல்லை என்று தெரிந்த பிறகே மற்றவர்கள் வந்து விமானம் ஏறினார்கள்.

1963 மார்ச் 15 அன்று மிச்சிகனின் ஈஸ்ட் லான்சிங்கில் அவர்கள் சந்தித்தது சிகாகோவின் லயோலா அணியை; அதன் முதல் ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர். ஆட்டம் தொடங்குமுன் லயோலாவின் அணித்தலைவர் ஜெர்ரி ஹார்க்னஸும் மிசிசிப்பியின் அணித்தலைவர் ஜோ டான் கோல்டும் நடுக்களத்தில் கைகுலுக்கியபோது, படக்கருவிகளின் வெளிச்சம் அரங்கு முழுக்கத் தெறித்தது. லயோலா 61–51 என்று வென்றது. எட்டு நாள் கழித்து நடந்த இறுதியாட்டத்தில், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூடியிருந்த சின்சினாட்டியைக் கூடுதல் நேரத்தில் 60–58 என்று வீழ்த்திக் கோப்பையையும் பெற்றது. உங்கள் மகன் படச்சான்று கேட்கிறவர் என்பதால், இந்தப் பத்தாண்டிலிருந்து ஒரே ஒரு படத்தை அவருக்குக் காட்ட வேண்டுமென்றால் அந்தக் கைகுலுக்கலின் புகைப்படத்தைக் காட்டுங்கள்.